இடப்பக்கம் சத்தம் குறைவு

குற்றவாளி அந்தப் பழைய ஹைஃபை செட்தான் என்று வீட்டில் எல்லாரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லியாயிற்று. இத்தனை வருடம் வாயையே தொழிலாக வைத்திருந்த அந்தச் செட்டுக்கு, தனக்காக ஒரு வார்த்தை பேச வாய் இல்லை.

விசயம் இதுதான். கொட்டாஞ்சேனையில் தான் பிறந்து வளர்ந்த தேவாலயப் பங்கின் பாடகர் குழுவுக்கு, திருவிழாவுக்கு முன் பத்துப் பாட்டு ஒலிப்பதிவு செய்து தருவதாக மெல்ரோய் ஒப்புக்கொண்டிருந்தார். காலமெல்லாம் கல்யாண வீடுகளிலும் ஹோட்டல்களிலும் கீபோர்ட் வாசித்து, அந்த பேண்ட் கலைந்து, சும்மா இருந்து சலித்த பிறகு கையில் கிடைத்த முதல் உருப்படியான வேலை. வெள்ளவத்தை ஃப்ளாட்டில் தும்புத்தடியும் பழைய சூட்கேசுகளும் கிடந்த சாமான் அறையைக் காலி செய்து, அதற்கு ‘ஸ்டூடியோ’ என்று பேர் வைத்து, முதற்பாட்டைச் செய்தும் அனுப்பினார்.

பங்கு மண்டபத்தில் போட்டுப் பார்த்தார்கள். பெண்கள் எல்லாரும் இடப்பக்கத்து ஸ்பீக்கருக்குள் அடைபட்டு, கதவைத் திற, கதவைத் திற என்று கத்துவது போல இருந்தது. ஆண்கள் வலப்பக்கத்தில், பக்கத்து வீட்டில் இருந்து பாடினார்கள்.

ஃபாதர் பண்பான மனிதர். “மெல்ரோய், பாட்டு கொஞ்சம் ஒரு பக்கமாச் சாயுது போல” என்று மட்டும் சொன்னார். இரண்டாவது பாட்டும் சாய்ந்தால் வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது மெல்ரோய்க்கு நன்றாகவே கேட்டது.

“அந்த ஹைஃபையை நம்பி மிக்ஸ் பண்ணினா அப்பிடித்தான் வரும் அப்பா. ஸ்டூடியோ மொனிட்டர் ஸ்பீக்கர் ஒரு சோடி வேணும்” என்று வழி சொன்னவள் மகள் ஷிம்னா. வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பனிக்குக் கணக்கு வேலை பார்க்கிறவள். அப்பாவின் கம்ப்யூட்டருக்கும் அவள்தான் கை, கால், மூளை.

அதனால் இந்தச் சனிக்கிழமை காலை, மொனிட்டர் வாங்கும் படலம்.

“மொனிட்டரோ?” என்றாள் யோகேஸ்வரி, ஒரு கையில் சிவப்புப் பேனையும் மறுகையில் தேத்தண்ணியுமாக. அவள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. சனிக்கிழமையும் கொப்பிகள் அவளை விடுவதில்லை. “எங்கட வகுப்பில மொனிட்டர் எண்டா, ரீச்சர் வெளியில போனாப்பிறகு ஆர் கதைச்சது எண்டு போர்ட்டில பேர் எழுதுற பிள்ளை.”

“இதுவும் அதேதான் அம்மா. பாட்டில ஆர் பிழை விட்டது எண்டு சொல்லும்.”

“அப்ப வடிவா ரெண்டை வாங்குங்கோ. ஒண்டை ஹோலில வைப்பம். கொப்பான்ர பேரை எழுதிக்கொண்டே இருக்கட்டும்.”

“எழுதினா அழிக்கிறதுக்கு நீர் இருக்கிறீர்தானே, ரீச்சர்” என்றார் மெல்ரோய், செருப்பை மாட்டியபடி.

யோகேஸ்வரி சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்கு அவளுக்குத் தூக்கம் போதவில்லை. “சுதா நேற்றும் போன் எடுத்தவள். என்னப்பா முடிவு எண்டு கேக்கிறாள்.”

சுதா என்கிற சுதர்சினி, யோகேஸ்வரியின் தங்கை. டொரொன்டோவில் இருக்கிறாள். அங்கே ஒரு கல்லூரியில் ஷிம்னாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தங்குவதற்குத் தன் வீடு இருக்கிறது. தகப்பன் சரி என்று ஒரு ‘ஓம்’ சொன்னால் மற்ற எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாக அவள் சொல்லி எத்தனையோ நாள். யோகேஸ்வரிக்கு முழுச் சம்மதம். ஷிம்னாவைக் கேட்டால் “அப்பா சொல்லட்டும்” என்கிறாள். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே பதில்:

“பார்ப்பம்.”

“நீங்கள் பார்த்து முடிக்க, இவள் பென்சன் எடுத்திடுவாள்.”

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அது வேலை செய்யாததில் இப்போது யாரும் ஆச்சரியப்படுவதும் இல்லை. தகப்பனும் மகளும் படியிறங்கிப் போனார்கள்.

காலி வீதியில் பஸ் ஊர்ந்தது. அம்பதைத் தாண்டிய முழங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக முறையிட, மெல்ரோய் ஜன்னலோரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். போன வருடம் இரண்டு ஹெட்போன்களின் இடது காது செத்துப்போனதை நினைத்தார். அதற்கு முன் கைபேசி; இடது காதில் வைத்தால் எல்லாரும் கிணற்றுக்குள் இருந்து கதைத்தார்கள். இந்தக் காலத்துச் சாமான்களே இப்படித்தான். ஒரு பக்கம் ஒழுங்காகச் செய்ததும் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

ஸியாமின் கடை கொட்டாஞ்சேனையில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் இருந்தது. கிட்டார்கள் கூரையில் இருந்து வௌவால்கள் போலத் தொங்கின. ஸியாம் இளைஞன், தாடியைப் பார்த்தால் மரியாதையும் முகத்தைப் பார்த்தால் மகன் என்று கூப்பிடும் ஆசையும் வரும்.

“ரூம் எவ்வளவு பெரிசு அங்கிள்?”

“நான் ரெண்டு கையையும் விரிச்சா ரெண்டு சுவரும் தொடும்.”

“அப்ப எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் வாணாம். அஞ்சு இஞ்ச் போதும். காத்துப் போற ஓட்டை பின்னால ஈக்கிறதையும் எடுக்க வாணாம். சுவர்ல அடிச்சு, பாட்டெல்லாம் பும் பும் எண்டு கெடக்கும். முன்னால ஓட்டை உள்ளதாப் பாப்பம்.”

“வீட்டில இருக்கிற செட்டும் நல்ல சத்தம்தான்…”

“வீட்டு செட் பாட்டுக்குப் பவுடர் பூசும் அங்கிள். இது பூசாது. முகத்தக் கழுவிட்டு வந்த மாதிரி காட்டும்.”

“கழுவினாப்பிறகும் பார்க்கக்கூடிய முகமா இருக்கவேணுமே தம்பி” என்றார் மெல்ரோய்.

மூன்று சோடிகள் ஒரு நீளமேசையில் வரிசையாக நின்றன. நடுவே ஒரு நாற்காலி. சத்தத்தைச் சரியாகக் கேட்பதற்கென்று ஸியாம் மின்விசிறியை நிறுத்தினான். அந்த நிமிடமே அறை இட்லிச் சட்டியாகிவிட்டது. மெல்ரோய் கொண்டுவந்த பென் டிரைவில் இருந்து, பாடகர் குழு பாடிய இரண்டாவது பாட்டைப் போட்டார்கள். இன்னும் மிக்ஸ் செய்யாத, பச்சையான பதிவு. இரண்டு பக்கமும் ஒரே அளவு.

மெல்ரோய் கண்ணை மூடிக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இடப்பக்கம் சத்தம் குறைவு.”

ஸியாம் பின்னால் கைவிட்டு ஒரு குமிழைத் திருகினான். “இப்ப?”

“இல்லை. குறைவுதான்.”

இரண்டாவது சோடி. அதன் குரல் தெளிவாக இருந்தது. குழுவில் பாடும் எவ்லின் அன்ரி மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. ஆனால் இடப்பக்கம் சத்தம் குறைவு.

மூன்றாவது சோடியிலும் அதே கதை.

“மூண்டு சோடியிலயும் ஒரே பக்கம் நொண்டினா, ஒரே கப்பலில வந்து தண்ணி பட்டிருக்கும் தம்பி” என்றார் மெல்ரோய். வாத்தியச் சாமானில் குறை கண்டுபிடிப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு சின்னச் சந்தோசம் உண்டு. இன்றைக்கு அதையும் வெயில் உறிஞ்சிவிட்டிருந்தது.

ஸியாம் தானும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான். “எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்டு போலத்தானே ஈக்குது.” சொல்லிவிட்டு ஷிம்னாவைப் பார்த்தான்.

ஷிம்னா ஒரு கிட்டாரின் விலைச் சீட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். “கேபிளை மாத்திப் பாருங்கோ.”

“மாத்தினதுதானே.”

“இன்னொருக்கா மாத்துங்கோ.”

கேபிளை மாற்றினான். பிறகு ஸ்பீக்கரையே இடம் மாற்றினான். இடது வலதுக்கு, வலது இடதுக்கு. மெல்ரோய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். ஸியாம் அவர் வாயையே பார்த்தான்.

“இடப்பக்கம்” என்று தொடங்கினார் மெல்ரோய்.

“சத்தம் குறைவு” என்று முடித்தான் ஸியாம். “கரண்ட்ல ஏதோ பிழை ஈக்கும் அங்கிள். இந்த ரோட்டுல கரண்ட் சரியில்ல.”

அப்போதுதான் படியில் ஒரு மூச்சிரைப்புக் கேட்டது.

“ஆரப்பா அது, என்ர தொண்டையை எடுத்து யாவாரம் செய்யிறது?”

எவ்லின் அன்ரி. பாடகர் குழுவின் முதற்குரல். அவருக்கு முன்னால் பாட்டை முடித்தவர் அந்தப் பங்கில் கிடையாது. கீழே பார்மசிக்கு பிரஷர் மருந்து எடுக்க வந்தவர், மேலே இருந்து தன் சொந்தக் குரல் தெருவுக்கு வந்து விழுவதைக் கேட்டு ஏறி வந்திருக்கிறார்.

“மெல்ரோய்! நீயா மகன்? போன பாட்டில என்னைப் பெட்டிக்குள்ள தனிய அடைச்சிட்டியே! கோயில் மண்டபம் முழுக்க என்ர சத்தம்தான். என்ர மருமகள் கேட்டிட்டு, மாமி வீட்டில கத்துறது போதாதா எண்டு கேக்கிறாள்.”

மெல்ரோய் மரியாதைக்கு எழுந்து அவர் பக்கம் திரும்பினார். திரும்பியதில் ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

எவ்லின் அன்ரி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். மெல்ரோய் சிரித்த முகத்தோடு தலையாட்டினார். ஆனால் அவர் அன்ரியைக் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்து வந்த பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் நொண்டிய ஸ்பீக்கர் இப்போது நன்றாகப் பாடியது. நன்றாகப் பாடிய மற்றது இப்போது நொண்டியது.

இப்போதும் இடப்பக்கம்தான். ஸ்பீக்கரின் இடம் அல்ல. அவருடைய இடம்.

கழுத்துப் பிடித்தவர் போல மெல்லத் திரும்பினார். குறை அவரோடு சேர்ந்து திரும்பியது. சொறிவது போல வலது காதை உள்ளங்கையால் பொத்தினார். பாடகர் குழு முழுவதும், எவ்லின் அன்ரி உட்பட, துறைமுகத்துத் தண்ணீருக்கு அடியில் இறங்கிப் போனது. முன்னால் நின்ற அன்ரியின் வாய் மட்டும் திறந்து மூடியது.

கையை எடுத்தார். எல்லாரும் மேலே வந்தார்கள்.

சவுந்தரநாயகத்தின் ஞாபகம் வந்தது. பேண்டில் அவர்தான் டிரம்ஸ். எந்த மேடையிலும் மெல்ரோயின் இடக்கைப் பக்கம். பித்தளைத் தட்டு காதுக்கு ஒரு முழத்தில். பைலா ஆட்டப்பாட்டு சூடுபிடித்தால் அந்தத் தட்டைச் சொந்தப் பகையாளி போல அடிப்பார். இப்போது களனிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். கோழிகளுக்குக் காது வெளியே தெரிவதில்லை. அது அவற்றின் அதிர்ஷ்டம்.

“கேக்குதா மகன் நான் சொல்லுறது?” என்றார் எவ்லின் அன்ரி.

“கேக்குது அன்ரி” என்றார் மெல்ரோய். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. “இனி உங்களைப் பெட்டிக்குள்ள அடைக்கமாட்டன். வெளிய விட்டிடுறன்.”

பிறகு ஸியாமிடம், “ரெண்டாவது சோடியைக் கட்டு தம்பி” என்றார்.

“அங்கிள், இடப்பக்கம்…?”

“சரியாயிட்டுது.”

ஸியாம் கரண்டுக்கு நன்றி சொன்னான். ஷிம்னா விலைச் சீட்டை விட்டுவிட்டுத் திரும்பி, அப்பாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பெட்டிகளைக் கட்டக் கயிறு பிடிக்கப் போனாள்.

சாமானோடு பஸ்ஸில் போக முடியாது என்று ஓட்டோ பிடித்தார்கள். மெல்ரோய் ஏறப் போனார்.

“பொறுங்கோ அப்பா. நான் முதல் ஏறுறன்.”

அவள் ஏறி உள்ளே வலது மூலைக்குத் தள்ளி உட்கார்ந்தாள். மெல்ரோய் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். ஆளுக்கொரு பெட்டி மடியில். “ஹெமின் யமு மல்லி” என்று சாரதியிடம் மெல்லப் போகச் சொன்னார். அந்தத் தம்பி தலையாட்டிவிட்டு, தன் விருப்பப்படியே பறந்தான்.

ஓட்டோ செட்டித் தெரு நெரிசலில் மாட்டி நின்றபோதுதான் மெல்ரோய்க்குப் பொறி தட்டியது. வலப்பக்கம். காலையில் பஸ்ஸில், ஜன்னலோரம் குளிர் என்று சொல்லி அவரை இடப்பக்க ஜன்னலுக்கு அனுப்பிவிட்டு, இவள் வலப்பக்கம் உட்கார்ந்தாள். வெள்ளவத்தையில், மே மாத வெயிலில், என்ன குளிர்? கோயிலில், வலப்பக்கம். சாப்பாட்டு மேசையில் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, வலப்பக்கம். மகளுக்குத் தன்மேல் என்ன பாசம் என்று நினைத்துப் பூரித்த நாட்களும் உண்டு. பாசம்தான். ஆனால் அவர் நினைத்த இடத்தில் அல்ல.

“எப்ப இருந்து தெரியும்?” என்று முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

எது என்று அவள் கேட்கவில்லை. “நத்தார்ப் பண்டிகையில இருந்து.”

“அப்ப அந்த ஹைஃபை?”

“அதில ஒரு பிழையும் இல்லை, அப்பா.”

“பிறகேன் என்னை இந்த வெயிலுக்குள்ள கடையெல்லாம் இழுத்துக்கொண்டு திரிஞ்சனீ?”

ஷிம்னா பெட்டியின் கயிற்றை விரலில் சுற்றினாள். “எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. நீங்களே கேட்டுக் கண்டுபிடிச்சா நல்லம் எண்டு நினைச்சன். மொனிட்டர் சொல்லும் எண்டு.”

“சொல்லிச்சு” என்றார் மெல்ரோய். “போர்ட்டில பெரிசா எழுதிச்சு.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் பெட்டியில்.

“இப்ப என்ன செய்யிறது? ஃபாதரிட்டப் போய், சாயிறது பாட்டு இல்லை ஃபாதர், நான்தான் எண்டு சொல்லுறதா?”

“காது டொக்டரிட்டப் போவம். அதுக்கிடையில நான் இருக்கிறன்தானே. இடப்பக்கத்தை நான் கேட்டுச் சொல்லுறன். மற்றதை நீங்கள் பாருங்கோ. பாட்டை எங்கையெங்கை தூக்கவேணும், எங்கை அடக்கவேணும் எண்டு எனக்குத் தெரியாது அப்பா. அது உங்களுக்குத்தான் தெரியும்.”

ரெண்டு பேர் சேர்ந்து ஒரு மனிதன். மெல்ரோய்க்கு அது அவமானமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. எது கூட என்று நிறுத்துப் பார்க்க அன்றைக்கு அவருக்குத் தெம்பு இல்லை.

“கொம்மாவுக்கு இப்ப சொல்லாதை. பத்துப் பாட்டும் முடியட்டும்.”

லிஃப்ட் இன்னும் வேலை செய்யவில்லை. இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தபோது, மெல்ரோய் சோபாவில் விழுந்த விழுகைக்கு அதன் ஒரு கம்பி பாடியது.

யோகேஸ்வரி கொப்பிகளுக்குள் இருந்து நிமிர்ந்தாள். “என்ன, மொனிட்டர் ஆரின்ர பேரை எழுதிச்சு?”

மெல்ரோய் மகளைப் பார்க்காமல் சொன்னார்: “பழைய ஹைஃபையின்ரதான்.”

“நான் அப்பவே நினைச்சன்” என்றாள் யோகேஸ்வரி. மூலையில் இருந்த ஹைஃபை இந்தப் பொய்யையும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டது.

பின்னேரம், சாமான் அறையில் புது மொனிட்டர்கள் ஏறின. இரண்டும் அவர் தலையும் ஒரு முக்கோணமாக இருக்கவேண்டும் என்று ஸியாம் சொல்லியிருந்ததால், ஷிம்னா அளவுநாடாவோடு அவர் மூக்கைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு வேலையைத் தொடங்கினார்கள். கடற்கரை ரயில் போகிற நேரமெல்லாம் நிறுத்தி, போனபின் தொடர்ந்தார்கள்.

“இடப்பக்கம் கொஞ்சம் கூடிட்டுது அப்பா. குறையுங்கோ. இன்னும். ஓம், அவ்வளவுதான்.”

மெல்ரோய்க்கு அது குறைவாகத்தான் கேட்டது. தன் காது வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, மகள் சொன்ன இடத்தில் குமிழை விட்டார். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வாசிப்பை அவர் எந்த மேடையிலும் வாசித்ததில்லை. ஆனால் வலப்பக்கத்தில் ஆண்கள் பக்கத்து வீட்டில் இருந்து திரும்பி வந்திருந்தார்கள். எவ்லின் அன்ரி எல்லாருக்கும் நடுவில், ஒரு மனுசியாக நின்று பாடினார்.

“இப்ப சாயேல்லை” என்றாள் ஷிம்னா. “நேரா நிக்குது.”

மெல்ரோய் சத்தத்தைக் கூட்டி, முதலில் இருந்து போட்டார். ஷிம்னா இடது மொனிட்டரின் ஆடிய பிளக்கைச் சரிசெய்ய, கதவடியில் குனிந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். காலையில் இருந்து உடம்பில் ஏறிய அலுப்பெல்லாம் பாட்டோடு மெல்ல இறங்கியது.

அறையின் கதவு அவருடைய இடப்பக்கம். அதில் யாரோ வந்து நிற்பது நிழலாடியது. கண்ணைத் திறந்தார். யோகேஸ்வரி. கையில் போன். ஏதோ கேட்கிறாள். சாப்பாட்டு நேரம், புட்டா, பாணா என்று கேட்கிறாளாக்கும். என்ன என்று திருப்பிக் கேட்டால் காது விசயம் வெளியே வந்துவிடும்.

“ஓம், ஓம்” என்றார் மெல்ரோய், பெருந்தன்மையாகத் தலையாட்டி.

யோகேஸ்வரி அசையாமல் நின்றாள். மறுபடி ஏதோ கேட்டாள்.

“ஓம் எண்டு சொல்லிட்டன்தானே!”

யோகேஸ்வரியின் முகம் மாறியது. ஒரு அடி முன்னால் வந்து, கல்யாணமான புதிதில் செய்தது போல அவர் தலைமயிரை ஒருமுறை கோதிவிட்டு, வேகமாக வெளியே போனாள். புட்டுக்கு இவ்வளவு உபசாரமா என்று மெல்ரோய் யோசித்துக்கொண்டிருக்கும்போது பாட்டு முடிந்தது. முடிந்த அமைதியில், ஹோலில் இருந்து அவள் குரல் அவருக்கும் கேட்டது, அழுகையும் சிரிப்புமாக:

“சுதா! அவர் ஓம் எண்டிட்டாரடி… ஓமடி, ரெண்டு தரம் கேட்டனான். ரெண்டு தரமும் ஓம் எண்டவர். நீ இப்பவே கல்லூரிக்குப் பதில் அனுப்பு.”

மெல்ரோய் மெதுவாக மகள் பக்கம் திரும்பினார். ஷிம்னா பிளக்கைப் பிடித்த கையோடு, கதவடியில் குந்தியபடியே இருந்தாள்.

“கொம்மா… புட்டைப் பற்றித்தானே கேட்டவ?”

ஷிம்னா பிளக்கை விட்டாள். எழுந்து, நாற்காலிக்குப் பின்னால் சுற்றி வந்து, வழக்கம்போல அவருடைய வலப்பக்கத்தில் உட்கார்ந்தாள்.